திருவிழாக் கூட்டம் போதுமா? அமெரிக்காவில் காலூன்றத் தவிக்கும் ஃபார்முலா 1

*மூன்று பந்தயங்கள், கோடிக்கணக்கில் முதலீடு, நெட்ஃபிளிக்ஸ் தொடர், ஹாலிவுட் படம் என எல்லாம் வந்தாயிற்று. ஆனாலும் பந்தயத்தை வாராவாரம் உட்கார்ந்து பார்க்கும் அமெரிக்கர்கள் குறைவுதான். எங்கே இடிக்கிறது?*

2023 நவம்பர் 16, வியாழக்கிழமை இரவு. லாஸ் வேகஸ் நகரின் ஸ்டிரிப் சாலை பந்தயத் தடமாக மாறியிருந்தது. பெல்லாஜியோ, சீசர்ஸ் பேலஸ் ஹோட்டல்களின் வாசலை உரசிக்கொண்டு கார்கள் பறக்கப்போகின்றன. கொஞ்சம் தள்ளி, ராட்சத உருண்டையாக ஸ்ஃபியர் மின்னிக்கொண்டிருந்தது. பாலைவனக் குளிரில் ஜாக்கெட்டும் குல்லாவுமாக ரசிகர்கள் கேலரியில் காத்திருந்தார்கள்.

இரவு 8.30 மணிக்கு முதல் பயிற்சி தொடங்கியது. எட்டே நிமிடங்கள்தான். கார்லோஸ் சைன்ஸ் ஓட்டிவந்த ஃபெராரி, சாலையில் பதித்திருந்த தண்ணீர் வால்வு மூடி ஒன்றின் மேல் ஏறியது. மூடி பெயர்ந்து காரின் அடிப்பாகத்தைக் கிழித்துப் போட்டது. பயிற்சி ரத்து. தடம் முழுக்க இருந்த மூடிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துச் சரிசெய்ய ஊழியர்கள் இறங்கினார்கள். மணி பத்து ஆனது, பன்னிரண்டு ஆனது. ரசிகர்கள் நகரவில்லை. இரண்டாவது பயிற்சியையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று குளிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதிகாலை 1.30 மணிக்கு அவர்கள் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். பாதுகாப்பு ஊழியர்களின் வேலை நேரம் முடிந்துவிட்டது என்பது காரணம். 2.30 மணிக்குக் கார்கள் கிளம்பின. ஆளில்லாத கேலரிகளுக்கு முன்னால், உலகின் மிக வேகமான இருபது கார்கள் விடியற்காலை 4 மணி வரை ஓடின. அந்த ஒரு நாளுக்கு மட்டும் டிக்கெட் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது 200 டாலர் கூப்பன். அதைக்கொண்டு பந்தயக் கடையில் தொப்பியோ பனியனோ வாங்கிக்கொள்ளலாம். பணத்தைத் திருப்பித் தரவில்லை. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது.

இரண்டு நாள் கழித்து நடந்த பந்தயம் அபாரமாக இருந்தது என்பதுதான் இதில் வேதனை. மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார். கடைசிச் சுற்றில் செர்ஜியோ பெரஸை முந்தி இரண்டாம் இடத்தைப் பறித்தார் சார்லஸ் லெக்ளேர். விளையாட்டு தன் வேலையைச் சரியாகச் செய்தது. நடத்தியவர்கள்தான் ரசிகனை நடுத்தெருவில் விட்டார்கள். அமெரிக்காவில் ஃபார்முலா 1-க்கு ஏறக்குறைய எழுபது வருடங்களாக இருக்கும் பிரச்சினையும் இதுதான்.

எதற்காக இத்தனை ஆசை?

கார் இல்லாமல் அமெரிக்கா இல்லை. உலகின் மிகப் பெரிய விளம்பரச் சந்தையும், விளையாட்டுக்குக் கொட்டிக் கொடுக்கும் தொலைக்காட்சிகளும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே ஐரோப்பாவில் பிறந்த இந்தப் பந்தயம் அமெரிக்காவின் மீது கண் வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

2016 செப்டம்பரில் அமெரிக்க நிறுவனமான லிபர்ட்டி மீடியா, ஃபார்முலா 1-ஐ வாங்கப்போவதாக அறிவித்தது. கடன்களையும் சேர்த்து மொத்த மதிப்பு 800 கோடி டாலர். 2017 ஜனவரியில் கைமாறியது. நாற்பது வருடங்களாக இந்த விளையாட்டைத் தன் கைப்பிடியில் வைத்திருந்த பெர்னி எக்லஸ்டன் ஓரங்கட்டப்பட்டார். இளைஞர்களைப் பிடிப்பதில் தனக்கு அக்கறை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். ரோலக்ஸ் வாங்க வசதியுள்ள எழுபது வயதுக்காரர்களே தனக்குப் போதும் என்பது அவருடைய கணக்கு. அவர் காலத்தில் டிரைவர்கள் பந்தய வளாகத்திலிருந்து ஒரு வீடியோவை இணையத்தில் போடுவதற்குக்கூடத் தடை இருந்தது. லிபர்ட்டி வந்ததும் முதலில் தளர்த்தியது அந்தத் தடையைத்தான்.

ஊர் ஊராக ஓடிய பந்தயம்

அமெரிக்காவுக்கு ஃபார்முலா 1 புதிது அல்ல. 1959-ல் ஃபுளோரிடாவின் செப்ரிங், 1960-ல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு என்று ஒவ்வொரு தடவை நடத்திப் பார்த்தார்கள். பிறகு நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் என்ற சின்ன ஊரில் வேர் பிடித்தது. 1961 முதல் 1980 வரை இருபது வருடங்கள், இலையுதிர் காலத்தில் ரசிகர்கள் கூடாரம் அடித்துத் தங்கிப் பார்த்தார்கள். அணிகளுக்குத் தரவேண்டிய பணத்தைத் தர முடியாமல் ஏற்பாட்டாளர்கள் திணறியதும் பந்தயம் ஊரை விட்டுப் போனது.

அதற்குப் பிறகு நடந்தது அலைச்சல். 1981, 82-ல் லாஸ் வேகஸில் சீசர்ஸ் பேலஸ் ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்திலேயே தடம் போட்டார்கள். 1984 ஜூலையில் டல்லஸ். வெயில் தாங்காமல் சாலையே பெயர்ந்து வந்தது. பழுதான லோட்டஸ் காரைத் தள்ளிக்கொண்டே எல்லைக்கோட்டை நோக்கிப் போன நைஜல் மேன்ஸல், வழியிலேயே மயங்கி விழுந்தார். டெட்ராய்ட்டில் ஏழு வருடம், ஃபீனிக்ஸில் மூன்று வருடம். 1991-க்குப் பிறகு எட்டு ஆண்டுகள் அமெரிக்காவில் பந்தயமே இல்லை.

இந்த வரிசையில் பாடம் சொல்வது லாங் பீச். கலிஃபோர்னியாவின் அந்தத் துறைமுக நகரில் 1976 முதல் 1983 வரை ஃபார்முலா 1 நடந்தது. கேட்ட கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று ஏற்பாட்டாளர்கள் 1984-ல் அமெரிக்காவின் சொந்த இண்டி கார் பந்தயத்துக்கு மாறினார்கள். அந்தப் பந்தயம் இன்றைக்கும் வருடா வருடம் அதே தெருக்களில் நடக்கிறது. ஊர் இருந்தது, கூட்டம் இருந்தது. ஃபார்முலா 1-க்குத்தான் அங்கே இருக்கப் பொறுமை இல்லை.

---
பெட்டிச் செய்தி: அமெரிக்காவின் இரண்டே சாம்பியன்கள்

• ஃபில் ஹில் (1961, ஃபெராரி) மற்றும் மரியோ ஆண்ட்ரெட்டி (1978, லோட்டஸ்) ஆகிய இருவர் மட்டுமே ஃபார்முலா 1 பட்டம் வென்ற அமெரிக்கர்கள்.

• இருவருமே இத்தாலியின் மோன்ஸா தடத்தில் பட்டத்தை உறுதி செய்தார்கள். இருவருமே அந்தப் பந்தயத்தில் சக அணி வீரரைப் பறிகொடுத்தார்கள். ஹில்லுக்கு வுல்ஃப்காங் வான் ட்ரிப்ஸ், ஆண்ட்ரெட்டிக்கு ரோனி பீட்டர்சன்.

• ஆண்ட்ரெட்டி சிறுவயதில் இத்தாலியிலிருந்து குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறியவர். டேடோனா 500, இண்டியானாபொலிஸ் 500, ஃபார்முலா 1 பட்டம் மூன்றையும் வென்ற ஒரே மனிதர்.

• 1978-ல் நெதர்லாந்தின் ஸாண்ட்வூர்ட்டில் ஆண்ட்ரெட்டி பெற்றதுதான் ஒரு அமெரிக்கரின் கடைசி ஃபார்முலா 1 வெற்றி.
---

கோவை வீரருக்குப் புள்ளிகள், அமெரிக்க ரசிகருக்கு ஏமாற்றம்

2000-ல் இண்டியானாபொலிஸ் ஸ்பீட்வே கதவைத் திறந்தது. அமெரிக்கப் பந்தயத்தின் தலைமைப் பீடம் அது. இனி கவலை இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். ஐந்தே வருடங்களில் அந்த நம்பிக்கை நொறுங்கியது.

2005 ஜூன் 19. அந்த வாரத்துப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் கார் 13-வது வளைவில் சுவரில் மோதியிருந்தது. சரிவாக உயர்ந்து நிற்கும் அந்த வேக வளைவில் விழுந்த அழுத்தத்தை மிஷ்லின் டயர்களால் தாங்க முடியவில்லை. அந்த வருட விதிப்படி தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே டயர் செட்தான். வேகத்தைக் குறைக்க வளைவுக்கு முன்னால் ஒரு தடுப்புத் திருப்பம் போடுங்கள் என்று மிஷ்லின் அணிகள் கெஞ்சின. உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ மறுத்துவிட்டது. முன்னோட்டச் சுற்று முடிந்ததும் மிஷ்லின் டயர் போட்ட 14 கார்களும் வரிசையாக பிட்டுக்குள் நுழைந்து நின்றுகொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் இருந்த ஆறே கார்கள் பந்தயத்தைத் தொடங்கின.

கேலரியிலிருந்து பாட்டில்களும் பீர் கேன்களும் தடத்தில் வந்து விழுந்தன. மைக்கேல் ஷூமாக்கர் ஜெயித்தார். ஜோர்டன் அணியின் மஞ்சள் காரில் நான்காவதாக வந்தவர் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா 1-ல் இந்தியர் ஒருவர் புள்ளிகள் பெற்றது அதுவே முதல் முறை. ஐந்து புள்ளிகள். டயர் பிரச்சினைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. இருந்த காரை எந்தத் தவறும் இல்லாமல் கடைசி வரை கொண்டுவந்து சேர்த்தார். நமக்கு அது கொண்டாட வேண்டிய நாள்தான்.

ஆனால், காசு கொடுத்து உள்ளே வந்த அமெரிக்க ரசிகர்கள் பார்த்தது ஆறு கார் ஊர்வலம். மிஷ்லின் பிறகு டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த வருடப் பந்தயத்துக்காக 20,000 டிக்கெட்டுகளையும் வாங்கித் தந்தது. போன நம்பிக்கை திரும்பவில்லை. 2007-க்குப் பிறகு இண்டியானாபொலிஸும் கைவிட்டது.

நெட்ஃபிளிக்ஸ் திறந்த வாசல்

இந்த நிலையிலிருந்து ஃபார்முலா 1-ஐ மீட்டது 2019 மார்ச்சில் வந்த ‘டிரைவ் டு சர்வைவ்’ தொடர். முதல் சீசனில் மெர்சிடிஸும் ஃபெராரியும் கேமராவை உள்ளே விடவில்லை. அதனால் படக்குழு நடுவாந்திர அணிகளைப் பின்தொடர்ந்தது. அதுவே வரமாகிவிட்டது. ஜெயிக்காத அணிகளின் கோபம், பயம், சம்பளச் சண்டை எல்லாம் திரையில் வந்தன. ஹாஸ் அணியின் மேலாளர் குந்தர் ஸ்டைனர், ஒரு பந்தயமும் ஜெயிக்காமலே அமெரிக்காவில் நட்சத்திரம் ஆனார்.

கியர் பாக்ஸ் பற்றித் தெரியாதவர்களுக்குக்கூட மனிதர்களைப் பிடிக்கும். ஊரடங்குக் காலத்தில் வீட்டில் இருந்தவர்கள், குறிப்பாக இளைஞர்களும் பெண்களும், தொடர் வழியாக உள்ளே வந்தார்கள். 2021-ல் ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் அபுதாபியின் கடைசிச் சுற்று வரை மோதியது அவர்களை உட்கார வைத்தது. 2022-ல் மயாமி, 2023-ல் லாஸ் வேகஸ், 2012 முதல் நடந்துவரும் ஆஸ்டின் என ஒரே நாட்டில் மூன்று பந்தயங்கள் வந்தன. 2025-ல் பிராட் பிட் நடித்த ‘எஃப்1’ திரைப்படம் உலகம் முழுவதும் 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

விளம்பரதாரர்கள் வரிசையில் நின்றார்கள். ரெட் புல்லின் பெயருக்கு முன்னால் ஆரக்கிள் வந்தது. ஃபெராரியின் பெயரோடு ஹெச்பி ஒட்டிக்கொண்டது. ஃபோர்டு 2026 முதல் ரெட் புல்லோடு எஞ்சின் வேலையில் கைகோத்தது. வியாபாரமாகப் பார்த்தால் இது மாபெரும் வெற்றி. சந்தேகமே இல்லை.

5 கோடி ரசிகர்கள். பார்ப்பவர்கள் 13 லட்சம்

இனிதான் சிக்கல். அமெரிக்காவில் தனக்கு 5.2 கோடி ரசிகர்கள் இருப்பதாக ஃபார்முலா 1 சொல்கிறது. 2025-ல் இஎஸ்பிஎன் குழும சேனல்களில் ஒரு பந்தயத்தைச் சராசரியாகப் பார்த்தவர்கள் சுமார் 13 லட்சம் பேர். அதுவே இதுவரை இல்லாத உச்சம். அதே 2025-ல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை மட்டும் 70 லட்சம் பேர் பார்த்தார்கள். அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள் 12 கோடிக்கும் மேல்.

டிரைவர்களின் பெயர் தெரியும், முகம் தெரியும், யாருக்கு யாரோடு ஆகாது என்பதும் தெரியும். ஆனால் பந்தயத்தைப் பார்ப்பதில்லை. 5.2 கோடிக்கும் 13 லட்சத்துக்கும் இடையில் நிற்பவர்கள் இவர்கள்தான்.

நேரம் ஒரு காரணம். ஐரோப்பியப் பந்தயங்கள் நியூயார்க்கில் காலை 9 மணிக்கு வரும். கலிஃபோர்னியாவில் 6 மணிக்கு. ஆசியப் பந்தயங்கள் நள்ளிரவில். அவற்றையாவது பூமி உருண்டை என்று பொறுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவிலேயே நடக்கும் லாஸ் வேகஸ் பந்தயத்தை உள்ளூர் நேரம் இரவு 10 மணிக்கு வைத்தார்கள். நியூயார்க்கில் அப்போது நள்ளிரவு ஒரு மணி. இந்தியாவில் ஞாயிறு காலை 11.30, நாம் காபி குடித்துக்கொண்டு நிம்மதியாகப் பார்க்கலாம். பாஸ்டனில் இருக்கும் பத்து வயதுப் பையனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2025-ல்தான் அதை 8 மணிக்கு மாற்றினார்கள். கிழக்குக் கரையில் அப்போதும் 11 மணி.

அடுத்தது ஆட்டத்தின் தன்மை. அமெரிக்க ரசிகர் வட்டத் தடத்தில் பழகியவர். நாஸ்கார் பந்தயத்தில் தன் இருக்கையிலிருந்தே முழுத் தடத்தையும் பார்ப்பார். யார் யாரை முந்துகிறார் என்பது கண்முன்னால் நடக்கும். ஃபார்முலா 1 தடமோ ஐந்து, ஆறு கிலோமீட்டர் வளைந்து நெளிந்து போகும். கேலரியில் இருப்பவருக்கு ஒரு வளைவுதான் தெரியும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை கார்கள் சில நொடிகள் சீறிப் போகும். மற்றதற்குப் பெரிய திரையை நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது, யாரும் ஜெயிக்கலாம் என்ற எதிர்பார்ப்பு. அமெரிக்க விளையாட்டுகளில் கடைசியாக வந்த அணிக்கு அடுத்த வருடம் நல்ல இளம் வீரரைத் தேர்ந்தெடுக்க முதல் வாய்ப்பு தருவார்கள். எந்த அணியும் நிரந்தரமாக ஆதிக்கம் செலுத்தக் கூடாது என்பதே அங்கே கோட்பாடு. ஃபார்முலா 1-ல் ஒவ்வொரு அணியும் தன் காரைத் தானே வடிவமைக்கிறது. நல்ல காரைக் கட்டியவர் வருடம் முழுக்க ஜெயிப்பார். 2023-ல் 22 பந்தயங்களில் 19-ஐ வெர்ஸ்டாப்பன் ஒருவரே ஜெயித்தார். அந்த வருடம் அமெரிக்கப் பார்வையாளர் எண்ணிக்கை இறங்கியது. 2021 முதல் அணிகளின் செலவுக்கு உச்சவரம்பு வந்திருப்பது இந்த இடைவெளியைக் குறைக்கத்தான். மெக்லாரன் மீண்டும் எழுந்து வந்ததும் போட்டி சூடுபிடித்தது, பார்ப்பவர்களும் திரும்பினார்கள்.

---
பெட்டிச் செய்தி: திரையில் ஏறிய விலை

• 2018-ல் இஎஸ்பிஎன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது உரிமைக்கு ஒரு டாலரும் தரவில்லை. அந்த வருடச் சராசரிப் பார்வையாளர்கள் சுமார் 5.5 லட்சம்.

• அந்த சீசனின் முதல் பந்தயத்தை விளம்பரங்கள் வெட்டிப்போட, ரசிகர்கள் கொதித்தார்கள். பிறகு கார் பாலிஷ் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் ஆதரவில், இடையில் விளம்பரமே இல்லாமல் பந்தயத்தைக் காட்டினார்கள். வர்ணனை பிரிட்டனின் ஸ்கை ஸ்போர்ட்ஸ் சேனலுடையது.

• 2022-ல் சராசரி 12 லட்சத்தைத் தொட்டது. 2023 முதல் 2025 வரையிலான உரிமைக்கு வருடத்துக்கு 7.5 கோடி முதல் 9 கோடி டாலர் வரை என்று செய்திகள் சொல்லின.

• 2026 முதல் ஐந்து வருடங்களுக்கு உரிமை ஆப்பிளிடம். வருடத்துக்குச் சுமார் 14 கோடி டாலர் என்பது செய்தி.

• ஒப்பிட: நாஸ்காரின் ஏழு வருட உரிமை 770 கோடி டாலர்.
---

ஆப்பிளிடம் போனது இரு முனைக் கத்தி. பணம் கூடும், இளைஞர்கள் கைபேசியில் பார்ப்பார்கள் என்பது உண்மை. ஆனால் சேனலை மாற்றிக்கொண்டே வரும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டு, அப்படியே உட்கார்ந்துவிடுகிறவர் இனி எங்கே வருவார்? பெரும்பாலான பந்தயங்களுக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும் என்றால், ஏற்கனவே ரசிகராக இருப்பவர் கட்டுவார். புதியவர் யோசிப்பார். வளர வேண்டிய நேரத்தில் வாசலில் கட்டணம் வைப்பது ஆபத்தான முடிவு.

நம்மூர்ப் பையன் எங்கே?

எந்த விளையாட்டும் ஒரு நாட்டில் வேர் பிடிக்க, அந்த நாட்டு வீரர் ஒருவர் ஜெயிக்க வேண்டும். நெதர்லாந்தில் வெர்ஸ்டாப்பன் வந்த பிறகுதான் ஸாண்ட்வூர்ட் கடற்கரை முழுக்க ஆரஞ்சு நிறமானது. அமெரிக்காவுக்கு 1978-க்குப் பிறகு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

திறமை இல்லாமல் இல்லை. வழிதான் இல்லை. ஃபார்முலா 1-ல் ஓட்ட சூப்பர் லைசென்ஸ் வேண்டும். மூன்று வருடத்துக்குள் 40 புள்ளிகள் சேர்த்தால்தான் அது கிடைக்கும். அந்தப் புள்ளிகளை ஐரோப்பாவின் கீழ்நிலைப் பந்தயங்கள் தாராளமாகத் தருகின்றன. அமெரிக்காவின் உச்சப் பந்தயமான இண்டி கார், பட்டம் வென்றவரைத் தவிர மற்றவர்களுக்குக் கிள்ளித்தான் கொடுத்துவந்தது.

கோல்டன் ஹெர்ட்டாவின் கதையைப் பாருங்கள். 2019-ல், 18 வயதில், ஆஸ்டின் தடத்தில் இண்டி கார் பந்தயத்தை வென்று அந்தப் போட்டியின் மிக இளைய வெற்றியாளர் ஆனார். ஃபார்முலா 1 கார்கள் ஓடும் அதே தடம். 2022-ல் ரெட் புல் குழுமம் தன் இரண்டாவது அணிக்கு அவரை எடுக்க விரும்பியது. அவரிடம் இருந்தது 32 புள்ளிகள். விலக்கு கிடைக்கவில்லை, இடம் வேறொருவருக்குப் போனது. இண்டி காரில் பல பந்தயங்களை வென்ற பிறகு, 2026-ல் அவர் ஐரோப்பாவின் ஃபார்முலா 2-க்கு மாறினார். பட்டப்படிப்பு முடித்தவரைத் திரும்பவும் பிளஸ் டூ எழுதச் சொன்னதற்குச் சமம் இது.

அலெக்ஸாண்டர் ராஸி 2015-ல் கடைசி வரிசை அணி ஒன்றில் ஐந்து பந்தயங்கள் ஓட்டினார். அடுத்த சீசனில் இடம் இல்லை. ஊருக்குத் திரும்பிய அதே வருடம், 2016-ல், நூறாவது இண்டியானாபொலிஸ் 500-ஐ வென்றார். லோகன் சார்ஜென்ட் சிறுவயதிலேயே ஃபுளோரிடாவை விட்டு ஐரோப்பாவுக்குப் போய், 2015-ல் கார்ட்டிங் உலகப் பட்டம் வென்றவர். 2023-ல் வில்லியம்ஸ் அணியில் சேர்ந்தார். 36 பந்தயங்களில் ஒரே ஒரு புள்ளி. அதுவும் ஆஸ்டினில், முன்னால் வந்த இருவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டதால் கிடைத்தது. 2024-ன் பாதியில் அனுப்பிவைக்கப்பட்டார்.

குழந்தையாக இருக்கும்போதே கண்டம் விட்டுக் கண்டம் போகக் கூடிய பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டுமே நுழையும் வாசல் இது. முப்பத்து நாலு கோடி மக்கள் இருக்கும் நாட்டில், இந்த வாசல் வழியாக எத்தனை பேர் வருவார்கள்?

கெடிலாக் வருகை: கதவைத் தட்டியவர், திறந்தவர்

ஹாஸ் அணி 2016 முதல் அமெரிக்கக் கொடியோடு ஓடுகிறது. தலைமையகம் வட கரோலினாவின் கன்னாபொலிஸில். எஞ்சின் ஃபெராரி, காரின் உடல் இத்தாலியின் டல்லாராவோடு சேர்ந்து செய்தது. அமெரிக்க உரிமத்தில் ஓட்டும் ஒரு டிரைவருக்குக்கூட அந்த அணி இதுவரை இடம் கொடுக்கவில்லை.

ஆகவே மரியோ ஆண்ட்ரெட்டியின் மகன் மைக்கேல் ஆண்ட்ரெட்டி, ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து புது அணிக்கு விண்ணப்பித்தபோது அமெரிக்க ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். 2023 அக்டோபரில் எஃப்ஐஏ ஒப்புதல் கொடுத்தது. 2024 ஜனவரியில் ஃபார்முலா 1 நிர்வாகம் நிராகரித்தது. இந்த அணியால் போட்டி போட முடியாது, விளையாட்டின் மதிப்பும் கூடாது என்பது அது சொன்ன காரணம். உலக சாம்பியனின் பெயரைத் தாங்கிவந்த அணிக்கு, அமெரிக்க முதலாளிகளே சொன்ன பதில் அது. இருக்கிற பத்து அணிகளுக்கும் பரிசுப் பணத்தைப் பதினொன்றாகப் பங்கிட விருப்பம் இல்லை என்பதும் ஊரறிந்த விஷயம்.

வாஷிங்டன் கோபப்பட்டது. இரண்டு கட்சிகளையும் சேர்ந்த 12 நாடாளுமன்ற உறுப்பினர்கள் லிபர்ட்டிக்குக் கடிதம் எழுதினார்கள். நீதித் துறை விசாரணையும் தொடங்கியது. கடைசியில், நிர்வாகப் பொறுப்பிலிருந்து மைக்கேல் விலகிய பிறகு, ஜெனரல் மோட்டார்ஸின் கெடிலாக் பெயரில் கதவு திறந்தது. நுழைவுக் கட்டணம் 45 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. 2026-ல் பதினொன்றாவது அணியாகக் கெடிலாக் களம் இறங்கியது. டிரைவர்கள் மெக்சிகோவின் பெரஸும் ஃபின்லாந்தின் போட்டாஸும். ஹெர்ட்டா சோதனை ஓட்டுநர். ஆரம்பத்தில் எஞ்சின் ஃபெராரியுடையது; பிறகு சொந்த எஞ்சின் என்பது திட்டம்.

அனுபவசாலிகளோடு தொடங்குவது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால், அந்தக் காரில் ஓர் அமெரிக்கர் உட்காரும் நாளை நோக்கி இந்த அணி உழைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹாஸ் செய்ததையே பெரிய பட்ஜெட்டில் திரும்பச் செய்ததாக முடியும்.

யார் வீட்டு வாசலில் யார் பந்தயம்?

லாஸ் வேகஸில் பந்தயத்துக்காக 39 ஏக்கர் நிலத்தை 24 கோடி டாலருக்கு வாங்கினார்கள். மற்ற நகரங்களில் உள்ளூர் நிறுவனம் நடத்தும்; இங்கே ஃபார்முலா 1 நிர்வாகமே நேரடியாக நடத்துகிறது. அதற்காக அந்த ஊர்க்காரர்கள் கொடுத்த விலை வேறு. மாதக் கணக்கில் சாலை தோண்டினார்கள். பெல்லாஜியோ நீரூற்றுக்கு முன்னால் நின்ற மரங்களை வெட்டிக் கேலரி போட்டார்கள். ஃபிளமிங்கோ சாலையில் தற்காலிக மேம்பாலம் வந்தது. தங்கள் கடைக்கு வாடிக்கையாளர் வர வழியில்லாமல் போய் லட்சக்கணக்கில் நஷ்டம் என்று சிறு வியாபாரிகள் வழக்குத் தொடுத்தார்கள். ஹோட்டல்களில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவரும் பாத்திரம் கழுவுகிறவரும் வேலைக்கு வந்து சேர முடியாமல் அவதிப்பட்டார்கள். முதல் வருடம் நின்று பார்ப்பதற்கான மிகக் குறைந்த மூன்று நாள் டிக்கெட்டே 500 டாலர் என்று அறிவிக்கப்பட்டது. தங்கள் தெருவில் ஓடும் காரை அவர்களில் எத்தனை பேரால் காசு கொடுத்துப் பார்க்க முடியும்?

மயாமி பந்தயம் நடக்கும் மயாமி கார்டன்ஸ், கருப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். சத்தத்தையும் புகையையும் எதிர்த்து அந்த மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். தடை கிடைக்கவில்லை. பள்ளி நேரத்தில் கார்கள் ஓடாது என்ற உறுதி மட்டும் கிடைத்தது. உள்ளே, முதல் வருடம், தண்ணீர் போல வண்ணம் தீட்டிய தரையில் உல்லாசப் படகுகளை நிறுத்திப் பணக்கார விருந்தினர்களை உட்கார வைத்தார்கள்.

வருடத்துக்கு மூன்று நாள் தேர்த் திருவிழாவுக்குக் கூடும் கூட்டம் வேறு. மற்ற நாட்களில் வந்து விளக்கேற்றுகிறவர்கள் வேறு. முதல் வகையைச் சேர்ப்பதில் ஃபார்முலா 1 கெட்டிக்காரத்தனம் காட்டிவிட்டது. கோயில் நிற்பதோ இரண்டாவது வகை மனிதர்களால்.

ஆஸ்டின் சொல்லும் வழி

நம்பிக்கை தரும் இடம் டெக்சாஸின் ஆஸ்டின். 2012-ல் பந்தயத்துக்கென்றே கட்டிய நிரந்தரத் தடம். 5.5 கிலோமீட்டர், 20 வளைவுகள். புறப்பட்டதும் கார்கள் ஒரு மேட்டில் கிட்டத்தட்ட 40 மீட்டர் உயரம் ஏறி, உச்சியில் இடதுபக்கம் வெட்டித் திரும்பும். அந்த மேட்டைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் இருக்கை எண் கிடையாது. காலையில் கதவு திறந்ததும் ஜனங்கள் மடக்கு நாற்காலியும் போர்வையுமாக ஓடிவந்து இடம் பிடிப்பார்கள். தாத்தா, அப்பா, பேரன் எல்லோரும் அங்கே இருப்பார்கள்.

ஆஸ்டினுக்கும் கஷ்டகாலம் வந்தது. 2015-ல் மாநில அரசின் உதவித்தொகை குறைந்தது. பெருமழை வேறு பந்தயத்தைக் குலைத்தது. இழுத்து மூடிவிடுவார்கள் என்ற பேச்சு இருந்தது. 2016-ல் டெய்லர் ஸ்விஃப்ட்டின் கச்சேரியை வைத்துக் கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2012-ல் மூன்று நாட்களுக்கு 2 லட்சத்து 65 ஆயிரமாக இருந்த வருகை, 2022-ல் 4 லட்சத்து 40 ஆயிரமானது. அங்கேயும் கேளிக்கை உண்டு. ஆனால் பந்தயம்தான் மையம். பத்து வருடம் ஒரே இடத்தில் பொறுமையாக உட்கார்ந்ததற்குக் கிடைத்த பலன் அது. வாட்கின்ஸ் கிளென்னும் லாங் பீச்சும் சொன்னதும் இதையேதான். யாரும் காது கொடுக்கவில்லை.

இனி செய்ய வேண்டியது

கையில் பணமும் காலமும் இருக்கும் இந்த நேரத்தில் ஃபார்முலா 1 செய்ய வேண்டியவை தெளிவாகவே தெரிகின்றன. அமெரிக்கப் பந்தயங்களை அமெரிக்கக் குழந்தைகள் விழித்திருக்கும் நேரத்தில் வைக்க வேண்டும். மயாமியிலும் வேகஸிலும் உள்ளூர்க்காரர்களுக்கு எட்டும் விலையில் ஒரு பகுதி இடங்களை ஒதுக்க வேண்டும். ஆப்பிள் இன்னும் அதிகப் பந்தயங்களை எல்லோருக்கும் இலவசமாகக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, லாபத்தில் ஒரு பங்கை அமெரிக்காவின் கார்ட்டிங் தடங்களில் போட வேண்டும். அங்கே ஜெயிக்கும் பிள்ளை, குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குக் குடிபெயராமலே மேலே ஏறிவர ஏணி வேண்டும். இண்டி கார் புள்ளிகளுக்கு உரிய மதிப்பு வேண்டும்.

இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. இப்போது வந்திருக்கும் பணம் ஒரு தொடரும் ஒரு படமும் இழுத்துவந்த பணம். தொடருக்கு வயதாகும், படம் தியேட்டரை விட்டுப் போகும். ஐரோப்பாவில் ஸாண்ட்வூர்ட் 2026-ஓடு பட்டியலிலிருந்து விலகுகிறது; பெல்ஜியத்தின் ஸ்பா சில வருடங்கள் ஒதுங்கி நிற்கச் சம்மதித்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பந்தயம் பார்த்த ஊர்களே இப்படி இடம்விட வேண்டியிருக்கும்போது, அமெரிக்காவுக்குக் கிடைத்திருக்கும் மூன்று இடங்களை விருந்துக்கூடமாகவே வைத்திருப்பது அந்த ஊர்களுக்கும் செய்யும் துரோகம்.

2030-ல் ஆப்பிள் ஒப்பந்தம் முடியும். அப்போது லாஸ் வேகஸில் எத்தனை லட்சம் பேர் கூடினார்கள் என்ற எண்ணை வைத்து வெற்றியை அளக்கக் கூடாது. வாராவாரம் பந்தயம் பார்க்கும் அமெரிக்கக் குடும்பங்கள் பெருகினவா, ஓர் அமெரிக்க டிரைவர் தகுதியால் இடம் பிடித்து முன்வரிசையில் நிற்கிறாரா என்ற இரண்டையும்தான் கேட்க வேண்டும். இரண்டுக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால், 1959-ல் செப்ரிங்கில் தொடங்கிய முயற்சி பலித்தது என்று சொல்லலாம். வராவிட்டால், அடுத்த தலைமுறையும் புதிதாக ஓர் ஊரைத் தேடிக் கிளம்ப வேண்டியதுதான்.